நான்காவது முறை மூடியைத் தொடவில்லை

மெக்கானிக்குகள் சங்கத்து ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்தவர்கள், "நீங்க பாத்ததுலயே பெரிய எஞ்சினைப் பத்தி எழுதுங்கய்யா" என்றார்கள். பெரிய எஞ்சின்கள் என்னிடம் பிடிவாதம் பிடித்ததே இல்லை. அரிசி ஆலை எஞ்சினும் எண்ணெய்ச் செக்கு எஞ்சினும் பிரித்துப் போட்டால் உள்ளதைச் சொல்லிவிடும். என்னை ஏமாற்றியது, ஓர் ஆள் கட்டிப்பிடித்துத் தூக்கிவிடக்கூடிய ஒரு சின்னத் தோட்டத்து எஞ்சின். அது ஏமாற்றியது என்பதுகூடச் சரியில்லை. ஏமாந்தது நான். அதற்கு அடிபட்டது வேறொருத்தி.

முதலில் என் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பட்டப்பகலில், கண்ணைத் திறந்துகொண்டே கனாக் காண்கிறவன். விருதுநகரில் எஞ்சின் விற்கும் கம்பெனி ஒன்றில் மெக்கானிக்காக இருந்தேன். கம்பெனி கொடுத்த சைக்கிளில், பின்னால் கருவிப்பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவேன். வெயில் ஏறிய பிறகு கரிசல் காட்டு ரோட்டில் எதிரே கானல் ஓடும். தூரத்துப் பனைகள் தரையை விட்டு எழும்பி நிற்கும். நான் சைக்கிள் ஓட்டுகிறேனா, நான் நின்றுகொண்டிருக்க ரோடு என்னைக் கடந்து போகிறதா என்று சில நேரம் தெரியாது. போக வேண்டிய ஊரைத் தாண்டி மூன்று மைல் போய்த் திரும்பி வந்த நாட்கள் உண்டு. பட்டறையில் எனக்குக் கனாக்கார சுப்பையா என்று பெயர். நான் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டேன்.

வேலை கற்ற வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஐம்பதுகளின் நடுவில் சேர்ந்தேன். முதல் நாலைந்து வருஷமும் பிரித்த பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவியே போயிற்று. பொங்கல் சாப்பாட்டில்கூட மண்ணெண்ணெய் வாசம் அடித்தது. அவ்வளவுதான்.

எங்கள் சர்வீஸ் பிரிவுக்குத் தலைவர் தேவசகாயம் சார். வெள்ளை அரைக்கைச் சட்டை, அதில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இருக்காது. அவர் மனைவி மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த வீட்டில் மருந்துச் சீட்டு எப்படியோ, எங்கள் பட்டறையில் சர்வீஸ் கார்டு அப்படி. எஞ்சினைப் பார்த்து முடித்ததும் அங்கேயே, மசியில், 'பழுது', 'காரணம்' என்ற இரண்டு கட்டங்களையும் நிரப்ப வேண்டும். ஒரு பிரதி எஞ்சின் சொந்தக்காரருக்கு, ஒன்று கம்பெனிக்கு. எழுதியதை அடிக்கக் கூடாது. சார் யாரையும் சத்தம் போட்டுத் திட்டி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "சுப்பையா, கொஞ்சம் இங்கன வந்து உக்காருங்க" என்றாரென்றால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது.

ஸ்டார்ட் ஆகாத எஞ்சினுக்கு அவர் ஒரு வரிசை வகுத்திருந்தார். அதை அச்சடித்து ஒவ்வொரு கருவிப்பெட்டியின் மூடியிலும் ஒட்டியிருந்தோம். முதலில் பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திறந்து குச்சி விட்டு அளவு பார்க்க வேண்டும். மோந்து பார்க்க வேண்டும். தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலந்திருந்தால் மூக்கு சொல்லிவிடும். மூடியை இறுக்கிவிட்டுப் பிளக்கைக் கழற்றி, அதில் வயரை மாட்டி, எஞ்சின் உடம்பில் சாய்த்து வைத்து, எஞ்சினைச் சுழற்றும் கயிற்றை இழுக்க வேண்டும். முனையில் நீலப் பொறி தாவினால் அந்தப் பக்கம் பழுதில்லை. அடுத்தது கார்புரேட்டர், பிறகு காற்று வடிகட்டி, கடைசியாகத்தான் எஞ்சினின் வயிற்றைத் திறக்கலாம். வரிசை மாற்றியவனுக்கு ஒரு வாரம் வெளியூர் வேலை கிடையாது. எனக்கு வெளியூர் ரோடு இல்லாமல் முடியாது என்பதால் நான் ஒருநாளும் மாற்றியதில்லை.

அந்த வரிசைக்கு ஒரே ஓர் இடத்தில் எதிர்ப்பு வந்தது. அச்சங்குளத்துப் பக்கம் ஒரு பட்டாசுத் தொழிற்சாலை. வேலிக்கு வெளியே கிணறு. அதிலிருந்து உள்ளே இருக்கும் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்ற ஓர் எஞ்சின். நான் பிளக்கைக் கழற்றிச் சாய்த்து வைத்துக் கயிற்றைச் சுற்றுகிறேன், காவல்காரர் ஓடி வந்து ஒரு குடம் தண்ணீரை என் கையிலும் பிளக்கிலும் கவிழ்த்தார். வெடிமருந்து அறை அங்கிருந்து நூறு கஜம் இருக்கும். "தூரமாத்தானே அண்ணாச்சி இருக்கு" என்றேன். "பொறிக்குத் தூரம் கெடையாது தம்பி" என்றார். எஞ்சினை மாட்டுவண்டியில் ஏற்றி அரை மைல் தள்ளிப் புளியமரத்தடிக்குக் கொண்டுபோய்த்தான் பொறி பார்க்க விட்டார்கள். போகும்போது வண்டியில் எஞ்சினுக்குப் பக்கத்தில் படுத்து நன்றாகத் தூங்கினேன். அந்த மனிதர்கள் பயந்தாங்கொள்ளிகள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

இனி மல்லாங்கிணறு.

அறுபதுகளின் தொடக்கம். ஊருக்கு வெளியே ஒரு மிளகாய்த் தோட்டம். தோட்டமும் எஞ்சினும் ரெங்கசாமி முதலாளியுடையவை. நிறைய நிலம் உள்ள குடும்பம். அவரும் மோசமான மனிதரில்லை. தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பாடுபட்டவர்கள் மாரியப்பனும் அவர் மனைவி பேச்சியம்மாளும். மாரியப்பன் முன்பு பட்டாசு வேலை பார்த்தவர். ஒரு விபத்தில் இடது கை முழுவதும் வெந்து விரல்கள் ஒட்டிப்போயின. வலது கையில் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மட்டும் தப்பின. கயிற்றைப் பிடித்து இழுக்க அவரால் முடியாது. அதனால் எஞ்சினை ஓட்டியது பேச்சியம்மாள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் எஞ்சின் ஓட்டிய பெண்பிள்ளை அவர் ஒருவர்தான்.

கிணறு அகலமானது. படி இறங்கிப் போனால் பாதி ஆழத்தில் கல் பாவிய ஒரு மேடை. அதில்தான் எஞ்சின் இருந்தது. கீழே பச்சைத் தண்ணீர், மேலே வட்டமாக வானம். எஞ்சின் ஓடும்போது அந்தச் சத்தம் சுவரில் சுற்றிச் சுற்றி வந்து, யாரோ பெரிய வயிற்றுக்காரர் நிம்மதியாகக் குறட்டை விடுவது மாதிரி இருக்கும். எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. பழுது பார்க்கப் போனவனுக்கு அப்படிப் பிடித்துப்போகக் கூடாது.

புகார் இதுதான். காலையில் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் ஓடும். கால் மணி நேரத்தில் திணறி நின்றுவிடும். அதற்குப் பிறகு எத்தனை தடவை கயிற்றை இழுத்தாலும் அசையாது. தொட்டியில் பெட்ரோல் நிறைய இருக்கும்.

முதல் முறை போனேன். மூடியைத் திறந்தேன், குச்சி விட்டேன், மோந்தேன், இறுக்கினேன். பொறி நன்றாக இருந்தது. கயிற்றை இழுத்தேன்; ஒரே இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பத்து நிமிஷம் ஓடவிட்டுக் கேட்டேன். ஒரு குறையுமில்லை. புது ஆட்கள் செய்கிற தவறு ஒன்று உண்டு. சோக்கை அளவுக்கு மீறி இழுத்து, பெட்ரோல் அதிகமாகப் போய் எஞ்சின் மூச்சுத் திணறும். கார்டில் 'பழுது: இல்லை. காரணம்: இயக்குபவர் கைப்பிழை' என்று எழுதினேன்.

இரண்டாம் முறையும் அப்படியே. என் கையில் ஓடியது. அதே வாசகத்தை எழுதினேன். "நான் சோக்க இழுக்கவே இல்ல தம்பி" என்றார் பேச்சியம்மாள். "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க அக்கா" என்று சிரித்தேன்.

மூன்றாம் முறை நடந்ததை எழுதக் கை கூசுகிறது. கார்டு எழுதிக் கொடுத்துவிட்டு ரோட்டுக்கு வந்து சைக்கிளில் ஏறிவிட்டேன். பின்னால் எஞ்சின் சத்தம் மெல்ல மெல்லச் சின்னதாகிக்கொண்டு வந்தது. பருத்திக் காட்டின் மேல் அது மிதந்து வந்த விதத்தில் நான் கிறங்கிப் போயிருந்தேன். திடீரென்று சத்தம் நின்றது. நான் கேட்டேன். தெளிவாகக் கேட்டேன். வயலுக்குத் தண்ணீர் போதும் போல, அக்கா நிறுத்திவிட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மிதித்தேன். செடி காய்ந்து கிடந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவன் நான்.

நான்காம் முறை போனபோது கிணற்று மேட்டில் ரெங்கசாமி முதலாளி நின்றிருந்தார். பக்கத்தில் வெள்ளை வேட்டி கட்டிய இன்னொருவர். தோட்டத்தை அடுத்து எடுத்துக்கொள்ள வந்திருப்பவர் என்பது கேட்காமலே தெரிந்தது. மிளகாய்ச் செடி பூத்து நின்றது. மூன்று நாள் தண்ணீர் இல்லாவிட்டால் பூ முழுவதும் உதிர்ந்துவிடும். மாரியப்பன் கிணற்றை விட்டுத் தள்ளி, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதலாளி என்னுடைய மூன்று கார்டுகளையும் கையில் வைத்திருந்தார். "கடைசியா ஒரு தடவ பாத்து எழுதிக் குடுங்க. எஞ்சின்ல கொறைன்னா கம்பெனிகிட்டப் பேசிக்கிடுவேன். ஆள்ல கொறைன்னா ஆள மாத்திக்கிடுவேன். எனக்கு மொளகா காயக் கூடாது" என்றார்.

நான் படி இறங்கினேன். பேச்சியம்மாள் முன்னாலேயே மேடையில் நின்றிருந்தார். நான் வழக்கம்போல மூடியில் கை வைக்கப் போனேன்.

"தம்பி, மூடியத் தொடாதீக."

"பெட்ரோல் பாக்கணும்ல அக்கா?"

"பெட்ரோல் இருக்கு. தட்டிப் பாத்தாலே தெரியும்." தொட்டியை விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். நிறைந்த சத்தம்தான். "நீங்க வந்து தொட்டா ஓடுது, அங்கிட்டுப் போனா நிக்கிது. நாலு நாளா ரோசன பண்ணுறேன். நாங் கயித்தச் சுத்துற மாதிரிதான் நீங்களும் சுத்துறீக. நான் பெட்ரோல் குழாயத் தெறக்குற மாதிரிதான் நீங்களும் தெறக்குறீக. நாஞ் செய்யாதது ஒண்ணே ஒண்ணு, இந்த மூடியத் தெறக்குறது. எஞ்சின் சூடா இருக்கும்போது தெறக்கக் கூடாதுன்னு எங்க வீட்டுக்காரவுக சொல்லியிருக்காக. காலையில பெட்ரோல் ஊத்துறப்பத் தெறந்தாத்தான். இப்ப நான் ஓட்டி நின்ன எஞ்சின் இது. எதையும் தொடாம நீங்க ஓட்டுங்க பாப்போம்."

வரிசையின் முதல் படியை விட்டுவிடச் சொல்கிறார். தேவசகாயம் சாரின் முகம் கண் முன் வந்தது. மேலிருந்து முதலாளி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கயிற்றைச் சுற்றி இழுத்தேன். அசையவில்லை. பத்துத் தடவை இழுத்தேன். சட்டை நனைந்ததுதான் மிச்சம்.

என் கையிலும் ஓடவில்லை. அப்போதுதான் என் தூக்கம் கலைந்தது.

தொட்டியிலிருந்து கார்புரேட்டருக்கு வரும் சின்னக் குழாயைக் கழற்றினேன். தொட்டி நிறைய இருந்தும் இரண்டு சொட்டு விழுந்து நின்றுவிட்டது. குழாயில் அடைப்பு என்று நினைத்தால், அதுவும் இல்லை. பிறகு மூடியை மெல்லத் திருகினேன். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்ட சத்தம், கிணற்றுக்குள் அவ்வளவு தெளிவாகக் கேட்டது. குழாயிலிருந்து பெட்ரோல் கொட்ட ஆரம்பித்தது.

மூடியின் நடுவில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்க வேண்டும். பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது. எஞ்சின் பட்டினி கிடந்து நின்றிருக்கிறது. நான் ஒவ்வொரு முறையும் அளவு பார்க்க மூடியைத் திறந்து காற்றை விட்டுவிட்டு, எஞ்சினில் குறையில்லை என்று எழுதியிருக்கிறேன். வைத்தியமே பார்த்துவிட்டு நோயே இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

மூடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். துளை இருந்த இடத்தில் நாலைந்து அடுக்குக் காகிதம், பசை, மேலே அரக்கு, அதற்கும் மேலே கரியைக் குழைத்துப் பூச்சு. விளிம்பில் ஒரு பிசிறில்லை. கம்பெனியிலேயே அப்படி வார்த்தது என்று சத்தியம் செய்வேன்.

"யாரு அடைச்சது?" என்றார் முதலாளி மேலிருந்து.

பேச்சியம்மாள் விழித்தார். அவருக்குத் தெரியாது. தள்ளி உட்கார்ந்திருந்த மாரியப்பன் எழுந்து கிணற்று விளிம்புக்கு வந்தார்.

"நாந்தான் மொதலாளி."

"நீயா? எதுக்குய்யா?"

"எஞ்சின் ஆடும்போது அந்த ஓட்ட வழியா பெட்ரோல் தெறிச்சு சைலன்சர் மேல விழுந்துச்சு. விழுந்த எடத்துல பொகையுது. இவ அங்கனதான் குனிஞ்சு நிப்பா. கெணத்துக்குள்ள ஓடவும் எடங் கெடையாது." தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "எனக்குப் பட்டது போதும்னு, இவ சோறெடுக்கப் போயிருந்தப்ப அடைச்சுப்பிட்டேன்."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"அம்புட்டுச் சின்ன ஓட்டைக்கு எஞ்சின் நிக்கும்னு யாருக்குத் தெரியும் மொதலாளி?"

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். அச்சங்குளத்தில் என் கையில் கவிழ்ந்த அந்தக் குடம் தண்ணீரின் அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. நெருப்பைத் தெரிந்த மனிதர் தன் மிச்சமிருந்த இரண்டு விரலால் செய்யக்கூடியதைச் செய்திருக்கிறார். துளை வைத்த கம்பெனிக்கும், அப்படிப்பட்ட துளைகளைத் தினமும் பார்த்த எனக்கும் பெட்ரோல் தெறிப்பது கண்ணில் படவில்லை.

பேச்சியம்மாள் அண்ணாந்து புருஷனைப் பார்த்தார். இத்தனை நாளாக ஊர் முழுவதும் கேட்ட பேச்சு அத்தனையும் அந்த முகத்தில் இருந்தது. கத்தப் போகிறார் என்று நினைத்தேன். "என்னயக் கேட்டிருந்தா நாங் கொஞ்சம் தள்ளி நின்னுருப்பேன்ல" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஊசியால் குத்தித் துளையைத் திறந்தேன். ஒரு மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, தொட்டிக்கும் சைலன்சருக்கும் நடுவே தடுப்பு வைத்தேன். தொட்டியை முழுவதும் நிரப்பாமல் முக்கால் அளவோடு நிறுத்தச் சொன்னேன். மாரியப்பன் இறங்கி வந்து, எஞ்சின் ஓடும்போது குனிந்து வெகுநேரம் பார்த்தார். தெறித்ததெல்லாம் தகரத்தில் வழிந்து மறுபக்கம் போனது. தகரத்தின் ஒரு மூலையை இன்னும் கொஞ்சம் மடக்கச் சொன்னார். மடக்கினேன். அதற்குப் பிறகுதான் தலையை ஆட்டினார்.

கார்டை எடுத்தேன். உண்மையை எழுதினால் அடைத்தவர் யார் என்று வரும். எழுதாவிட்டால் அதுவும் பொய். மசியைத் தொட்டு எழுதினேன்: 'பழுது: மூடியின் காற்றுத்துளை அடைப்பு. காரணம்: துளை வழியே பெட்ரோல் தெறித்ததால் ஆபத்துக்குப் பயந்து அடைக்கப்பட்டது. முந்தைய மூன்று கார்டுகளில் நான் எழுதியது தவறு. இயக்குபவர் கையில் குறை இல்லை.' கட்டத்தை மீறிப் பக்கத்திலும் எழுத வேண்டியிருந்தது.

முதலாளி வாசித்தார். வெள்ளை வேட்டிக்காரரைப் பார்த்து, "நீங்க கெளம்புங்க. தோட்டத்துல ஆள் இருக்கு" என்றார். பழைய மூன்று கார்டுகளையும் என்னிடமே நீட்டினார். வாங்கிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

மறுநாள் தேவசகாயம் சார் என் கார்டை இரண்டு முறை படித்தார். "சுப்பையா, கொஞ்சம் இங்கன வந்து உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. என் கருவிப்பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். மூடியில் ஒட்டியிருந்த வரிசைக்கு மேலே, தன் பேனாவால், 'எதையும் தொடும் முன் ஒரு முறை ஸ்டார்ட் செய்து பார்க்கவும்' என்று எழுதினார். "இத நான் மொதல்லயே போட்டுருக்கணும்" என்றார். தான் எழுதியது குறைபட்டது என்று அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அந்த வாரம் எனக்கு வெளியூர் வேலை தடைபடவில்லை.

கார்டில் எழுதாத, சாரிடமும் சொல்லாத ஒன்று மிச்சமிருக்கிறது. அது முந்திய நாள் சாயங்காலம் நடந்தது.

பெட்டியைக் கட்டிவிட்டு, "அக்கா, மன்னிச்சுக்கிடுங்க" என்றேன்.

"எங்கிட்டச் சொல்லி என்ன தம்பி ஆகப் போகுது? பொம்பள கை பட்டா எஞ்சின் வெளங்குமான்னு டீக்கடையில தெனமும் சிரிக்காக. மெக்கானிக்கே எழுதிக் குடுத்துட்டாருல்லன்னு கேக்காக. அங்கன போய்ச் சொல்லுங்க" என்றார்.

நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கத் தெரியாதவன் நான். நேராக ரோட்டைப் பார்த்துப் போய்விடலாம் என்று கால் சொன்னது. ஆனாலும் பஸ் நிற்கும் இடத்து டீக்கடையில் சைக்கிளை நிறுத்தினேன். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். டீ சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். "மாரியப்பன் அண்ணாச்சி தோட்டத்து எஞ்சின் நின்னதுக்குப் பேச்சியம்மா அக்கா காரணமில்ல. அவுக கையில ஒரு தப்பும் கெடையாது. மூணு தடவையும் நான் ஒழுங்காப் பாக்கல. அவுகதான் கண்டுபிடிச்சாக."

பெஞ்சில் இருந்த ஒருவர், "அப்ப மூணு தடவையும் அங்கன போய் என்னத்தய்யா பாத்தீரு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அந்தச் சிரிப்பு எனக்கு வர வேண்டியதுதான் என்று தோன்றியது.

"இப்பவும் கால் மணி நேரத்துல நின்னுரும், பாருங்க" என்றார் அவர். காற்று தோட்டத்துப் பக்கமிருந்து வீசியது. எஞ்சின் சத்தம் மெலிதாக, விடாமல் வந்துகொண்டிருந்தது. அது நிற்பதைக் கேட்பதற்கென்றே எல்லோரும் பேச்சை விட்டார்கள். வெயில் சாய்ந்து ரோடு முழுவதும் மஞ்சளாகியது. ஆடுகள் மணி ஆட்டிக்கொண்டு கடந்து போயின. எனக்குக் கண் சொருகியது, ஆனால் காது விழித்தே இருந்தது. கால் மணி போயிற்று. அரை மணியும் போயிற்று. பஸ் வந்து, இரைந்து, போன பிறகும் அந்தச் சத்தம் இருந்த இடத்திலேயே இருந்தது.

"என்ன, இன்னும் நிக்கலையே?" என்றார் பெஞ்சுக்காரர்.

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினார். "பேச்சியம்மா எஞ்சின்யா அது. அவ நிப்பாட்டுனாத்தான் நிக்கும்."